மூன்று அங்குலக் கயிறு: மார்ஷா டக்கரின் பணிவாழ்க்கை, ஒரு நிகழ்வு ஆய்வு

1975 செப்டம்பரில் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்கு வந்தவர்கள் ஒரு துண்டுக் கயிற்றின் முன் நின்றார்கள். துணி உலர்த்தும் கொடிக்குப் பயன்படுகிற பருத்திக் கயிறு. நீளம் மூன்று அங்குலம். ஆணியடித்துச் சுவரில் பொருத்தியிருந்தார்கள். சுற்றிலும் வெற்றுச் சுவர். அதைப் படைத்தவர் ரிச்சர்ட் டட்டில், வயது 34. அதற்கு இடம் கொடுத்தவர் மார்ஷா டக்கர், வயது 35, அந்த அருங்காட்சியகத்தின் ஓவிய, சிற்பப் பிரிவுக் காப்பாட்சியர். அடுத்த ஆண்டு முடிவதற்குள் டக்கரின் வேலை போய்விட்டது. 1977 ஜனவரி 1ஆம் தேதி அவர் வேறோர் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். அதன் பெயர் நியூ மியூசியம். 22 ஆண்டுகள் அதை அவரே நடத்தினார்.

வேலை இழந்தவர் வீம்போடு எழுந்து நின்ற கதையாக இதைச் சொல்லிவிடலாம். பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கதை போதவில்லை. தன்னை வெளியே தள்ளிய நிறுவனத்தில் எது பிழை என்று டக்கர் யோசித்தார். அந்தப் பிழை நேராதபடி ஒரு நிறுவனத்துக்கு விதிகளை வகுக்க முடியுமா என்று சோதித்துப் பார்த்தார். சில விதிகள் நின்றன, சில நிற்கவில்லை. சமகாலக் கலையில் காப்பாட்சியராக வேலை செய்வதென்றால் என்ன என்று அறிய விரும்புகிறவருக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

காப்பாட்சியர் என்ற சொல்லையே கொஞ்சம் பாருங்கள். காப்பு அதன் முதலில் நிற்கிறது. செப்புத் திருமேனிக்கும் ஓலைச்சுவடிக்கும் அது பொருந்தும். காலம் அவற்றின் மதிப்பை முடிவு செய்துவிட்டது; கெடாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. நேற்று செய்த படைப்புக்கு, நாளை கலைத்துவிடப்போகும் படைப்புக்கு, கலைதானா என்றே யாருக்கும் உறுதியில்லாத படைப்புக்கு எதைக் காப்பது? டக்கரின் தொழில்வாழ்க்கை முழுவதும் இந்தக் கேள்விதான்.

வேலைக்கு வந்த வழி

1940இல் புரூக்ளினில் பிறந்தார். கல்லூரியில் நாடகமும் கலையும் படித்தார். பாரிஸில் லூவ்ர் பள்ளியில் ஓராண்டு பயின்றார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் அச்சோவியப் பிரிவில் செயலாளராகச் சேர்ந்தார். அங்கே நெடுநாள் இருக்கவில்லை. பிறகு தனியார் சேகரிப்புகளுக்குப் பட்டியல் தயாரித்தார். கலை இதழுக்கு விமர்சனம் எழுதினார். விமர்சனம் எழுதுகிறவர் மாதந்தோறும் பல கண்காட்சிகளைப் பார்த்துச் சில வரிகளில் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். பட்டியல் தயாரிப்பவருக்கு ஒரு பொருளைக் கையில் எடுத்து அளந்து, பின்புறம் திருப்பிப் பார்த்து, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று தேடுவது வேலை. வேகமாகப் பார்க்கும் கண்ணும் பொறுமையாகப் பார்க்கும் கண்ணும் ஒருவருக்கே வாய்ப்பது இப்படித்தான். இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் இளைஞர்கள் பட்டங்களைப் பற்றிக் கேட்கும்போது, டக்கரின் இந்தப் பெயர் தெரியாத ஆண்டுகளைத்தான் அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றும்.

1969 தொடக்கத்தில் விட்னி அவரையும் ஜேம்ஸ் மாண்டி என்பவரையும் ஒரே பதவியில் சேர்த்தது. மாண்டிக்குத் தன்னைவிடச் சம்பளம் அதிகம் என்று பின்னர் தெரியவந்தபோது டக்கர் அதை விட்டுவிடவில்லை. சமமான ஊதியம் கேட்டுப் பெற்றார். பின்னால் இது ஒரு விதியாக மாறப்போகிறது என்பதால் இங்கே குறித்துவைக்கிறேன்.

உருகிய கண்காட்சி

சேர்ந்த சில மாதங்களில், 1969 மே மாதம், டக்கரும் மாண்டியும் சேர்ந்து ஒரு கண்காட்சியை அமைத்தார்கள். மாயத்தோற்றத்துக்கு எதிர் என்று பொருள்படும் தலைப்பு. செயல்முறைகள், பொருட்கள் என்று துணைத்தலைப்பு. கான்வாஸில் இல்லாத ஆழத்தை இருப்பதாகக் காட்டுவதை விட்டு, பொருள் தன் இயல்பில் என்ன செய்கிறதோ அதையே படைப்பாக ஏற்ற கலைஞர்கள் அதில் இருந்தார்கள். ரஃபேல் ஃபெரர் அருங்காட்சியக வாசலில் உலர்ந்த இலைகளோடு பனிக்கட்டிப் பாளங்களை அடுக்கினார். அவை உருகி ஓடின. ரிச்சர்ட் செர்ரா உருக்கிய ஈயத்தைச் சுவரோரம் வீசி வார்த்தார். ஸ்டீவ் ரைக், ஒலிவாங்கிகளை ஒலிபெருக்கிகளுக்கு மேலே ஊசல்போல் ஆடவிட்டு, அவை எழுப்பும் இரைச்சல் மெல்ல நிலைக்கும்வரை கேட்கச் செய்தார். ஈவா ஹெஸ்ஸே துணியில் ரப்பர் பால் பூசி, கண்ணாடியிழைத் தூண்களுக்கு இடையே திரைபோல் நிறுத்தினார்.

ஹெஸ்ஸேயின் அந்தப் படைப்பை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். இப்போது அது நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1969இல் நெகிழ்ந்து வளைந்த ரப்பர், ஆண்டுகள் போகப் போகக் கறுத்து இறுகிவிட்டது. பல்லாண்டுகள் கிடங்கில் இருந்த அதை நெடிய பாதுகாப்புப் பணிக்குப் பிறகு 2022இல் மீண்டும் காட்சிக்கு வைத்தார்கள். செய்தவர் 1970இலேயே, 34 வயதில், இறந்துவிட்டார். எந்த நிலையை மீட்பது, எந்த மாற்றத்தை ஏற்பது என்று கேட்க ஆளில்லை. அந்தப் படைப்பைக் காட்சிக்குத் தேர்ந்தெடுத்த நாளிலேயே ஐம்பது ஆண்டுக்குப் பிந்திய இந்தச் சிக்கலும் அதனோடு வந்துவிட்டது. அந்தச் சிக்கலை அறிந்தும் அதற்கு இடம் கொடுப்பது ஒரு முடிவு. டக்கர் அத்தகைய முடிவுகளை எடுக்கிறவர்.

பல படைப்புகள் அரங்கிலேயே உருவாகின. படைப்பு எப்படி இருக்கும் என்று தெரியாமலே காப்பாட்சியர் அதற்கு இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. வழக்கப்படி, படைப்பைப் பார்த்துத் தெளிந்த பின்னரே அதைத் தேர்ந்தெடுப்பார்கள். கண்காட்சி என்பது அந்தத் தெளிவைப் பொதுமக்கள் முன் வைப்பது. டக்கர் அதைத் தலைகீழாக்கினார். தெரிந்துகொள்வதற்காகத்தான் அவர் கண்காட்சி அமைத்தார்.

அதே ஆண்டின் விட்னி வருடாந்திரக் கண்காட்சியில் 143 கலைஞர்களுள் 8 பேர் மட்டுமே பெண்கள். 1970இல் பெண் கலைஞர்கள் அருங்காட்சியகத்தின் முன் போராடினார்கள். பெண்மையின் அடையாளமாக உள்ளே முட்டைகளை வைத்தார்கள். ஐம்பது விழுக்காடு இடம் கேட்டார்கள். டக்கர் அந்த நேரத்தில் பெண்ணிய இயக்கத்தோடு நெருக்கமாக இருந்தவர், போராட்டத்தின் இலக்கான நிறுவனத்தில் சம்பளம் வாங்கியவர். அடுத்து வந்த ஆண்டுகளில் லீ கிராஸ்னரின் பெரிய ஓவியங்களையும் ஜோன் மிட்சலின் ஓவியங்களையும் விட்னியில் காட்சிக்கு வைத்தார். ராபர்ட் மாரிஸ், புரூஸ் நாமன் ஆகியோருக்கும் தனிக்கண்காட்சிகள் அமைத்தார். இன்று இந்தப் பெயர்கள் பாடநூல்களில் இருக்கின்றன.

கம்பி, கோடு, நிழல்

டட்டில் 1969 கண்காட்சியிலும் இருந்தவர். 1975இல் டக்கர் அவருடைய பத்தாண்டுப் பணியைத் தொகுத்துக் காட்ட விரும்பினார். மார்சல் பிராயர் வடிவமைத்து 1966இல் திறந்த விட்னி கட்டடம், கருங்கல்லால் மூடிய கனத்த கட்டடம். அதற்குள் மெல்லிய துணி, ஒட்டுப்பலகைத் துண்டுகள், வெள்ளைச் சுவரில் ஒட்டிய வெள்ளைக் காகிதம், கயிறு, கம்பி.

கம்பிப் படைப்புகளைச் செய்யும் முறையைச் சொன்னால்தான் இந்தக் கலைஞரிடம் டக்கர் எதைக் கண்டார் என்று புரியும். டட்டில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு வரைவார். மெல்லிய கம்பியை அந்தக் கோட்டின்மேல் பிடித்து இரு முனைகளிலும் ஆணியடிப்பார். பிறகு கையை எடுப்பார். கம்பி தன் இயல்பான முறுக்கில் சுவரைவிட்டுத் துள்ளி எழும். அதன் நிழல் சுவரில் விழும். இப்போது மூன்று கோடுகள் இருக்கின்றன. ஒன்று கை வரைந்தது, ஒன்று பொருள் தானே எடுத்துக்கொண்டது, ஒன்று ஒளி தந்தது. சற்று நகர்ந்தால் மூன்றும் விலகும், மீண்டும் சேரும். விரைந்து கடப்பவருக்கு அங்கே எதுவும் இல்லை. ஐந்து நிமிடம் நிற்பவருக்குக் கண் தன் வேலையைச் செய்வதே கண்ணுக்குத் தெரியும். இது பெரிய கலை என்று நான் நினைக்கிறேன். அதை ஏற்காதவர்களின் எரிச்சலையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

கண்காட்சி செப்டம்பர் 12 முதல் நவம்பர் 16 வரை நடந்தது. அதற்குள் மூன்று முறை அடுக்கு மாறியது. செப்டம்பரில் வந்தவர் கண்டதும் நவம்பரில் வந்தவர் கண்டதும் ஒன்றல்ல. கண்காட்சி நூலும் திறப்பு விழாவுக்கு வரவில்லை. எல்லாம் முடிந்த பிறகே வந்தது. அரங்கில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதுவது பொய்யாகிவிடும் என்பதால், நடந்ததைப் பார்த்து டக்கர் எழுதினார். இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். கண்காட்சி நூல் என்பது அருங்காட்சியகத்தின் கையெழுத்திட்ட சான்றிதழ். இந்தக் கலைஞர் ஏன் முக்கியமானவர் என்று அது வாசலிலேயே உறுதி சொல்கிறது. திறப்பன்று நூல் இல்லையென்றால் பார்வையாளரின் கண்ணுக்கும் கம்பிக்கும் நடுவில் சான்று சொல்ல யாருமில்லை.

நியூயார்க் டைம்ஸ் இதழில் ஹில்டன் கிராமரின் விமர்சனம் வந்தது. குறைவே நிறைவு என்று கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹ சொன்னதாக வழங்கும் வாக்கை எடுத்துக்கொண்டு, டட்டிலிடம் குறைவு வெறும் குறைவுதான், குறைவு இந்த அளவுக்குக் குறைந்ததே இல்லை என்று எழுதினார். அருங்காட்சியகங்களைப் பற்றிய எழுத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் வரிகளுள் அதுவும் ஒன்றாகிவிட்டது.

வேலை போனது ஏன்

1976 இறுதியில் டக்கர் நீக்கப்பட்டார். டட்டில் கண்காட்சியே காரணம் என்று கலையுலகம் பேசிவருகிறது. ஒரு கண்காட்சி மட்டும் ஒரு காப்பாட்சியரை வீழ்த்திவிடுமா? கடுமையான விமர்சனம் எல்லாப் பெரிய அருங்காட்சியகங்களுக்கும் வருகிறது; அடுத்த கண்காட்சியோடு மறக்கப்படுகிறது. 1974இல் டாம் ஆம்ஸ்ட்ராங் புதிய இயக்குநராக வந்திருந்தார். புதிய இயக்குநர் தன் அறங்காவலர்களுக்குப் புதிய திசையைக் காட்ட வேண்டியிருக்கும். கிராமரின் விமர்சனத்தை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும் என்பது என் கணிப்பு.

இதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு என்று நினைக்கிறேன். பெரிய அருங்காட்சியகம் நம்பிக்கையின்மேல் நிற்கிறது. இங்கே வைத்திருப்பது மதிப்புள்ளது என்று பார்வையாளர் நம்ப வேண்டும். நன்கொடையாளரும் நம்ப வேண்டும். காப்பாட்சியர் அந்த நம்பிக்கைக்குப் பொறுப்பு. 'எனக்கும் இன்னும் முழுமையாகத் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்' என்று அவர் சொல்லும்போது நிறுவனத்தின் அடித்தளம் ஆடுகிறது. விட்னி அவரை நீக்கியது கொடுமை என்று நான் சொல்லமாட்டேன். அந்த அமைப்பு வேறு எப்படி நடந்திருக்க முடியும்? தெரியாததைக் காட்டும் வேலைக்கு அதற்கேற்ற நிறுவனம் வேண்டும். டக்கரும் அந்த முடிவுக்குத்தான் வந்தார்.

புதிய அருங்காட்சியகத்தின் விதிகள்

தொடக்கத்தில் சொந்தக் கட்டடம் இல்லை. ஹட்சன் தெருவில் ஓர் அலுவலக அறை; முதல் கண்காட்சி வேறொருவரின் இடத்தில் நடந்தது. 1977இலேயே ஐந்தாம் அவென்யூவில் நியூ ஸ்கூல் கல்வி நிறுவனத்தின் கட்டடத்தில் இடம் கிடைத்தது. 1983இல் பிராட்வேக்குப் போனார்கள்.

வாழும் கலைஞர்களின் அண்மைப் படைப்புகளுக்கே இடம். பெயர் பெற்றவர்களைவிடப் பெரிய நிறுவனங்கள் கண்டுகொள்ளாதவர்களுக்கு முன்னுரிமை. இவை அடிப்படை விதிகள். 1978 ஜனவரியில் 14 ஓவியர்களை வைத்து ஒரு கண்காட்சி அமைத்த டக்கர் அதற்கு "மோசமான" ஓவியம் என்று பெயரிட்டார். மேற்கோள் குறிகள் தலைப்பிலேயே இருந்தன. உருவங்களைக் கோணலாக வரைந்தவர்கள், அக்காலத்தின் நல்ல ரசனைக்கு வேண்டுமென்றே முதுகு காட்டியவர்கள். மூன்று ஆண்டுக்கு முன் அவருடைய தேர்வை மோசம் என்றது ஒரு விமர்சனம்; இப்போது அந்தச் சொல்லை அவரே வாசலில் எழுதி, நல்லது மோசம் என்று யார், எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்டார்.

விதிகளுள் எனக்கு மிகவும் பிடித்ததும் மிகுந்த சிக்கல் நிறைந்ததும் சேகரிப்பைப் பற்றியது. அரைநிரந்தரச் சேகரிப்பு என்று அதற்குப் பெயர். கண்காட்சிகளில் இருந்து படைப்புகளைப் பெற்றுப் பத்து முதல் இருபது ஆண்டுகள் வைத்திருப்பது, பிறகு விற்றுவிட்டுப் புதியவற்றுக்கு வழிவிடுவது.

இதன் பின்னுள்ள சிந்தனை மிகக் கூர்மையானது. அருங்காட்சியகம் எதைச் சொந்தமாக வைத்திருக்கிறதோ அதற்கு அது கட்டுப்படுகிறது. கிடங்கு, காப்பீடு, வெப்பநிலை, ஈரப்பதம் எல்லாவற்றுக்கும் ஆண்டுதோறும் பணம் போகும். அந்த அளவுக்குப் புதிய கலைக்குப் பணம் குறையும். அதைவிட முக்கியமானது, நேற்றைய தேர்வு இன்றைய கண்ணைக் கட்டிவிடும். கையில் இருப்பதை உயர்ந்தது என்று நிறுவுவதே வேலையாகிவிடும். சேகரிப்புக்கே வயது வரம்பு வைத்தால் அருங்காட்சியகம் எப்போதும் பத்தாண்டு இளமையாக இருக்கும்.

நடைமுறை வேறு. விற்கப்போகிறார்கள் என்று தெரிந்தே ஒருவர் படைப்பை ஏன் நன்கொடையாகத் தருவார்? அருங்காட்சியகம் ஒரு கலைஞரின் படைப்பைக் கைவிடுகிறது என்ற செய்தி சந்தையில் அவர் மதிப்பைக் குறைக்காதா? விற்கும் நேரத்தை எந்தக் கண் முடிவு செய்யும், மீண்டும் ஒரு காப்பாட்சியரின் ரசனைதானே? அந்தத் திட்டம் எண்ணியபடி ஓடவில்லை. நியூ மியூசியம் காலப்போக்கில் சேகரிக்காத அருங்காட்சியகமாகவே அறியப்பட்டது. ஆனால் சேகரிப்பு இல்லாமல் அருங்காட்சியகம் இருக்க முடியும் என்று காட்டியதே பெரிய செயல். டக்கரிடம் காப்பு என்ற சொல் பொருளைவிட்டுக் கலைஞரிடம் இடம் பெயர்ந்தது என்று நான் வாசிக்கிறேன். அவர் காத்தது படைப்பு பிறக்கும் சூழலை.

பிராட்வே ஜன்னல்

இயக்குநர் ஆன பிறகு காப்பாட்சியருக்கு வேறொரு சோதனை வருகிறது. தனக்குக் கிடைக்காத சுதந்திரத்தைத் தன்னிடம் வேலை செய்பவர்களுக்குக் கொடுப்பாரா? 1987 நவம்பரில் இதற்கு விடை கிடைத்தது.

எய்ட்ஸ் நோயால் நகரில் ஆயிரக்கணக்கானோர் இறந்துகொண்டிருந்த காலம். நியூ மியூசியத்தின் காப்பாட்சியர்களுள் ஒருவரான வில்லியம் ஓலாண்டர், ஆக்ட் அப் என்ற போராட்ட அமைப்பை அழைத்து, பிராட்வே தெருவைப் பார்த்த காட்சி ஜன்னலை அவர்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் கலைஞர்களாக அழைக்கப்படவில்லை, போராடுபவர்களாகவே அழைக்கப்பட்டார்கள். நாஜி முகாம்களில் தன்பாலீர்ப்பாளர்களுக்கு அடையாளமாகக் குத்திய இளஞ்சிவப்பு முக்கோணத்தோடு, மௌனம் என்பது மரணம் என்ற வாசகம் நியான் விளக்கில் எரிந்தது. பின்னால், நாஜித் தலைவர்களை நிறுத்தி விசாரித்த நூரம்பெர்க் விசாரணையின் புகைப்படம். முன்னால் நோயாளிகளைப் பற்றிக் கொடுமையாகப் பேசிய பொது மனிதர்களின் உருவங்கள், ஒவ்வொருவரின் கீழும் அவரவர் சொற்கள். அன்றைய அமெரிக்க அதிபர் ரீகனின் உருவத்துக்குக் கீழே மட்டும் வெற்றுப் பலகை, ஏனென்றால் அவர் நெடுநாள் பேசவே இல்லை. டிக்கெட் வாங்காத வழிப்போக்கர்களும் நின்று பார்த்தார்கள். அந்த ஜன்னலில் வேலை செய்தவர்களிடமிருந்து கிரான் ஃப்யூரி என்ற கலைக்குழு பிறந்தது. ஓலாண்டரும் எய்ட்ஸ் நோயோடு வாழ்ந்தவர். 1989இல் இறந்தார்.

நிறுவனத்தின் முகப்பையே ஒரு சக ஊழியரின் முடிவுக்கு விட்டுக்கொடுத்த இயக்குநர்கள் எத்தனை பேர்? டக்கர் தாமே அமைத்த கண்காட்சிகளைவிட இந்த ஒன்றை நான் உயர்வாக வைக்கிறேன்.

நிலைக்காதவை

தொடக்க ஆண்டுகளில் நியூ மியூசியத்தில் இயக்குநர் முதல் கடைநிலை ஊழியர் வரை எல்லோருக்கும் ஒரே சம்பளம் தர முயன்றார்கள், வேலைகளையும் பகிர்ந்துகொண்டார்கள். விட்னியில் மாண்டியின் சம்பளத்தை அறிந்த நாள் இதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆட்கள் பெருகியதும் அது நிற்கவில்லை. 1999இல் டக்கர் விலகினார். லிசா ஃபிலிப்ஸ் இயக்குநரானார், அவரும் முன்னாள் விட்னி காப்பாட்சியர். 2007 டிசம்பரில் பவரி தெருவில், ஜப்பானின் சானா குழு வடிவமைத்த வெள்ளைப் பெட்டிகளை அடுக்கியது போன்ற கட்டடம் திறந்தது. 2019 ஜனவரியில் அந்தக் கட்டடத்தின் ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்க வாக்களித்தார்கள். ஊதியம் அவர்களின் முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்று. சமச்சம்பளத்தில் தொடங்கிய இடத்தில் இது நடந்தது வருத்தம் தருகிறது. ஒரு நிறுவனர் தன் நம்பிக்கையை விதியாக எழுதி, நிதியோடு பிணைத்து, வாரிசுகளால் மாற்ற முடியாதபடி வைக்காவிட்டால் அது அவரோடு போய்விடுகிறது. கண்காட்சிகளைப் பற்றி டக்கர் அவ்வளவு எழுதினார். ஊதியத்தைப் பற்றியும் அதே உறுதியோடு ஒரு சாசனம் விட்டுச்சென்றிருக்கலாமே என்று நினைக்கத் தோன்றுகிறது.

2005 நவம்பரில் டட்டிலின் பெரும் கண்காட்சி சான் பிரான்சிஸ்கோவில் இருந்து விட்னிக்கு வந்தது. அதே பிராயர் கட்டடம். 1975இல் அவர் அங்கே வரைந்த பென்சில் கோடுகள் இல்லை. கண்காட்சி முடிந்ததும் சுவருக்கு வெள்ளை அடிப்பதுதான் வழக்கம். கம்பிப் படைப்புகளை ஒவ்வொரு முறையும் புதிய சுவரில் புதிதாக வரைய வேண்டும். டக்கர் அப்போது உயிரோடு இருந்தார், வயது 65. அடுத்த ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் காலமானார்.